மார்வா திறந்துவிட்ட ஜன்னல்கள்

மார்வா ஹாகன் முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்த்தவர். ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றுவிட்டு வீடு போலவே குடியிருக்கக்கூடிய ஒரு பழைய கேம்பர் வண்டி வாங்கிக்கொண்டார். குளிர்காலம் அரிசோனா பாலைவனத்தில், அக்டோபர் மாதம் எங்களோடு வடக்கே ரெட் ரிவர் ஆற்றுப் பக்கம் சர்க்கரை பீட்ரூட் அறுவடையில். பேச்சு குறைவு, குரல் கரகரப்பு. முதல் வாரம் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.

அந்த வருடம் உறைபனி சீக்கிரமே வந்தது. நாங்கள் குடியிருந்த கேம்பர் வண்டியில் ஹீட்டர் பற்றவில்லை. விசிறி சுற்றும், குளிர்ந்த காற்று வரும், அதோடு நின்றுவிடும். மூன்று நாளாக என் மனைவி ரோசலின் ஜன்னல்களை இறுக்கமாகச் சாத்தி, கேஸ் அடுப்பை எரியவிட்டுத்தான் வண்டியைச் சூடாக்கினாள். இருவருக்கும் தலைவலி. அவளுக்கு வாந்தியும் வந்தது. காய்ச்சல் வரப்போகிறது என்று நினைத்தோம்.

ஞாயிறு மதியம், மழைச் சேற்றால் வேலையை நிறுத்தியிருந்தார்கள். மார்வாவிடம் போய், ஹீட்டரைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். கருவிப் பெட்டியோடு வந்தார். உள்ளே காலை வைத்ததும் ஹீட்டர் பக்கம் திரும்பவே இல்லை. நேராக அடுப்பை அணைத்தார். கதவை விரியத் திறந்தார். ஒவ்வொரு ஜன்னலாகத் தள்ளினார்.

"குளிருதுன்னுதானே உங்களைக் கூப்பிட்டோம்?" என்றேன்.

"தலை வலிக்குதா, எமெட்?"

"ரெண்டு பேருக்கும். சளி பிடிச்சிருக்கும்."

"வெளியே போனா கொஞ்சம் தேவலையா இருக்குமே?"

யோசித்தேன். ஆமாம், பீட்ரூட் குவியலில் நிற்கும்போது வலி போய்விடும்.

"சளி இல்ல இது. அடுப்புல வர்ற விஷவாயு. வாசனையே வராது. ரோசலின், வா, என் வண்டில ஏறு. டாக்டர்கிட்ட போறோம். எமெட், நீயும்தான். அடம் பிடிச்சா தூக்கிப் போட்டுக்கிட்டுப் போவேன், முதுகு வலியைப் பத்திக் கவலைப்பட மாட்டேன்."

ஊர் மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இருவர் மூக்கிலும் ஆக்சிஜன் குழாய் வைத்தார்கள். இன்னும் ஒரு இரவு அதே மாதிரி படுத்திருந்தால் இருவரில் ஒருவராவது எழுந்திருப்போமா என்று சொல்ல முடியாது என்றார் மருத்துவர். ரோசலின் என் கையை விடவே இல்லை.

வாயுவைக் கண்டால் கத்தும் கருவி எங்கள் வண்டியிலும் இருந்தது. கத்திக்கொண்டே இருக்கிறதென்று நான்தான் அதன் பேட்டரியைக் கழற்றி இழுப்பறையில் போட்டிருந்தேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னேன். மார்வா திட்டவில்லை.

"என் அண்ணனும் அப்படித்தான் கழட்டி வச்சான்," என்றார். அண்ணனுக்கு என்ன ஆயிற்று என்று நாங்கள் கேட்கவில்லை.

மறுநாள் காலை மறுபடி வந்தார், கையில் புதுக் கருவி. அதை மாட்டிவிட்டு, ஹீட்டர் முன்னால் மண்டியிட்டுக் காதை வைத்தார்.

"விசிறி ஓடுது. ஆனா டிக் டிக்குன்னு சத்தம் வரல. நெருப்புப் பொறி போடவே இல்ல. கேஸ் இருக்கு, பேட்டரியும் பலமா இருக்கு. அப்போ உள்ளே ஒரு சின்னத் தகடுதான் மாட்டிக்கிச்சு."

விசிறிக் காற்று பட்டால் அசையும் தகடு அது. அது அசைந்தால்தான் கேஸ் திறக்கும். கேஸை மூடி, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, ஹீட்டரை வெளியே இழுத்தார். தகட்டின் அடியில் வெள்ளை முடி சுருண்டு கிடந்தது. போன வசந்தத்தில் இறந்த எங்கள் நாய் ஸ்பட்டின் முடி அது என்றேன்.

"நல்ல முடிச்சுருள்," என்றார் மார்வா. "உங்க ஸ்பட் இன்னும் வண்டியைக் காவல் காக்கறான் போல."

ரோசலின் சிரித்தாள், அப்புறம் அழுதாள். முடியை அவளிடமே கொடுத்தார். தகட்டைத் துடைத்து எல்லாவற்றையும் பூட்டி ஹீட்டரைப் போட்டதும், சற்று நேரத்தில் டிக் டிக், பிறகு மெல்லிய உறுமல். சூடான காற்று எங்கள் கால்களில் பட்டது.

மார்வாவுக்கு ரோசலின் ஆப்பிள் கேக் செய்து கொடுத்தாள். "சர்க்கரை கம்மி," என்றார். முழுவதையும் தின்றுவிட்டார். அறுவடை முடிந்து அவர் தெற்கே கிளம்பியபோது நன்றி சொல்லப் போனேன். கையை மட்டும் ஆட்டினார்.

நவம்பரில் நன்றித் திருநாள் விருந்தில், சாப்பிடும் முன் பிரார்த்தனையில், ரோசலின் அவர் பெயரைச் சொன்னாள். நான் ஆமென் சொன்னேன், இரண்டு முறை.