கரைக்கு வராத வலை

கல்முனைக்குடியில் கடற்கரைப் பக்கமாகப் போகும் குறுக்கு ஒழுங்கை ஒன்றில் மக்கீனுடைய ரெக்கோடிங் பார் இருந்தது. பெயர்தான் பெரிது. உள்ளே போனால் மூன்று பேர் இருக்கலாம், நாலாவது ஆள் வாசலில் நிற்க வேண்டும். பாட்டுப் பதிய வருகிறவர்கள் வெற்றுக் கசற்றையும் தாளில் எழுதிய பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டுப் போவார்கள். மக்கீன் இசைத்தட்டை ஒரு பக்கம் சுழலவிட்டு, கசற்றை மறுபக்கம் சுழலவிட்டு, நடுவே ஸ்டூலில் இருந்து முழுவதையும் கேட்பார். அறுபது நிமிடக் கசற் என்றால் அறுபது நிமிடமும் கேட்பார். பாங்கு சொல்லும் சத்தம் வந்தால் மட்டும் எல்லாவற்றையும் நிறுத்துவார்.

அப்போது அவருக்கு முப்பத்தாறு வயது. கொழும்பில் புறக்கோட்டையில் ஒரு ரேடியோக் கடையில் எட்டு வருடம் நின்றவர். அந்த முதலாளி இசைத்தட்டு விற்பதை விட்டபோது, நாற்பது தட்டுகள் யாரும் வாங்காமல் மிஞ்சிக் கிடந்தன. "குப்பைக்குப் போடுறதா, நீ கொண்டு போறியா?" என்று முதலாளி கேட்டார். மக்கீன் அவற்றை அரிசிச் சாக்கில் கட்டி, மட்டக்களப்பு ரெயிலில் விடிய விடிய மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

வந்த வருடமே றாஹிலாவைக் கலியாணம் முடித்தார். ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு உரியது, மாப்பிள்ளைதான் அங்கே குடிபோக வேண்டும். அவரும் போனார், சாக்கும் கூடப் போனது. வீட்டின் முன்னறைதான் பிறகு கடையானது. கசற் பதியும் மெசினையும் ஸ்பீக்கர்களையும் றாஹிலாவின் தம்பி றஸாக், அரபு நாட்டில் தான் வேலை செய்த தம்மாமிலிருந்து அனுப்பிவைத்தான். ஆகவே வீடும் அவர்களுடையது, மெசினும் அவர்களுடையது. மக்கீனுக்கென்று அந்தக் கடையில் இருந்தவை நாற்பது தட்டுகள்தான். அவற்றை மேற்குச் சுவரோடு ஒரு ராக்கையில் தனியாக அடுக்கியிருந்தார். சினிமாத் தட்டுகள் வந்து, தேய்ந்து, போய்க்கொண்டிருந்தன. இந்த ராக்கையிலிருந்து எதையும் யாரும் கேட்டதில்லை. றாஹிலா அதற்கு எத்தீம்கானா என்று பெயர் வைத்திருந்தாள். உம்மா வாப்பா இல்லாத பிள்ளைகளை வைத்து வளர்க்கும் இடம்.

"எத்தீம்கானாவுக்குத் தூசி தட்டல்லியா இண்டைக்கு?" என்று காலையில் கேட்பாள்.

"தட்டிட்டன். பிள்ளையள் சாப்பிட்டாச்சா எண்டும் கேளுங்களன்."

அந்தப் பிள்ளைகளில் மூன்றின் மேல் அவருக்குத் தனிப் பிரியம். ஒன்று, மீராசாஹிபு என்பவர் றபான் மேளத்தையும் ஆர்மோனியத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு பாடிய பைத்துகள், நபி புகழ்ப் பாட்டுகள். அவர் மூச்சு வாங்குவதுகூடத் தட்டில் கேட்கும். அதை அழிக்காமல் விட்ட ஒலிப்பதிவுக்காரன் நல்ல ரசிகன் என்பது மக்கீனின் கட்சி. இன்னொன்று, அண்ணனும் தம்பியும் கிளாரினட்டும் தபேலாவுமாக வாசித்தது. மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் மேல். தம்பையா என்ற பாடகர் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு கொழும்பில் பதிந்த "கரைவலை". பக்கத்துக்கு மூன்று பாட்டு, ஒவ்வொன்றும் ஏழு நிமிடம். முதல் பாட்டில் ஆட்கள் கரையில் நின்று வலை இழுக்கிறார்கள். கிட்டார் அலை மாதிரி வந்து வந்து போகும். தம்பையா ஒரு அடி பாட, மற்றவர்கள் கயிற்றை இழுப்பது போல மூச்சை இழுத்துப் பதில் சொல்வார்கள். நாலு நிமிடத்துக்கு இழுவைதான். அதற்குப் பிறகு வயலின் சேரும், குரல்கள் பெருகும், ஏழாவது நிமிடத்தில் வலை கரைக்கு வரும். இப்படியொரு பாட்டைப் படத்தில் வரவில்லை என்ற ஒரே குற்றத்துக்காக நாடு கேட்காமல் விட்டுவிட்டதே என்று மக்கீனுக்கு ஆற்றாமை.

அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். பட்டியலில் உள்ள பாட்டெல்லாம் பதிந்து முடிந்தாலும் கசற்றின் கடைசியில் இரண்டு மூன்று நிமிடம் வெறுமையாக மிஞ்சும். மற்றக் கடைக்காரர்கள் அதை அப்படியே விடுவார்கள். மக்கீன் அந்த மிச்சத்தில் எத்தீம்கானாவிலிருந்து ஒரு பாட்டைப் போடுவார், பெரும்பாலும் "கரைவலை"யின் முதல் பாட்டை. நாடா முடிகிற இடத்தில் பாட்டு அறுந்துவிடும். ருசி காட்டினால் போதும், மிச்சத்துக்கு ஆட்கள் தேடி வருவார்கள் என்பது அவர் கணக்கு. ஆனால் அட்டையில் அந்தப் பாட்டின் பெயரை எழுதமாட்டார். அது சும்மா கொடுப்பது. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று ஓதிப் படித்தவர் அவர். கொடுத்ததைப் பெயர் எழுதிக் காட்டினால் நன்மை போய்விடும் என்று நினைத்தார்.

நாலு வருடம் இப்படிப் போனது. ஒருவரும் தேடி வரவில்லை.

எண்பத்திரண்டாம் ஆண்டு றஸாக் மூன்று வார லீவில் வந்தான். கூடவே பெரிய பெட்டி ஒன்றில் வீடியோ டெக் வந்தது. கடையைச் சுற்றிப் பார்த்தவன் மேற்குச் சுவரில் கண்ணை நிறுத்தினான்.

"மச்சான், இந்த ராக்கையக் கழட்டுவம். படக் கசற் அடுக்க இடம் வேணும்."

"வேற சுவரு இரிக்கே."

"வேற சுவருல வெயில் அடிக்கும், படம் பழுதாப் போகும். இதுகள ஆரு கேக்கிற? நீங்களே சொல்லுங்க, நாலு வருசத்தில ஒராள் கேட்டிச்சா?"

மக்கீன் ராக்கையில் சாய்ந்திருந்த தட்டொன்றை நிமிர்த்தி வைத்தார். றாஹிலா உள்ளேயிருந்து, "அதுபாட்டுக்குக் கிடக்கட்டும் தம்பி, அவருக்கு அதுதானே கிடக்கு" என்றாள்.

"சரி ராத்தா, நான் அநியாயம் செய்ய மாட்டன். நான் போறதுக்குள்ள ஒராள், ஒரே ஒராள், தானா வந்து இதுல ஒண்டப் பேர் சொல்லிக் கேக்கட்டும். ராக்கை அப்பிடியே கிடக்கும். கேக்காட்டி ஓடாவியக் கூப்பிட்டுக் கழட்டுற. மச்சான், நீங்க ஆருக்கும் சொல்லிக் குடுக்கவும் படாது."

"சொல்லிக் குடுக்க மாட்டன்" என்றார் மக்கீன். சொன்னால் காப்பாற்றுகிறவர் அவர்.

அன்றிலிருந்து றஸாக் கடை வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டான். வந்தவர்கள் எல்லாரும் புதுப் படப் பாட்டுத்தான் கேட்டார்கள். இரண்டாவது வாரம் ஷரிபுதீன் வந்தான். கலியாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவன், மக்கீனை அண்ணன் முறையில் காக்கா என்பவன்.

"மக்கீன் காக்கா, உங்களால எனக்கு மானம் போச்சு! மாப்பிள்ள வந்து இறங்குற நேரம் கசற்றில பாட்டு முடிஞ்சி, ஆரோ வலை இழுக்கத் தொடங்கிட்டானுகள். மாப்பிள்ளட வாப்பா கேக்கிறாரு, 'மாப்பிள்ளயவா தம்பி இழுக்கிறீங்க' எண்டு."

றஸாக் கதிரையில் இருந்தபடியே சிரித்துச் சிரித்து இருமினான். மக்கீனும் சிரிக்கத்தான் செய்தார். ஆனால் அன்று பகல் சோற்றில் பாதியை வைத்துவிட்டு எழும்பினார். றாஹிலா மிச்சச் சோற்றை மூடி வைத்தாள்.

லீவு முடிய இரண்டு நாள் இருந்தது. தச்சு வேலை செய்யும் ஓடாவிக்குச் சொல்லியனுப்பியாகிவிட்டது, நாளை பகல் லுஹர்த் தொழுகைக்குப் பிறகு வருவான். மக்கீன் தட்டுகளை இறக்கி உறையுறையாகத் துடைத்துக்கொண்டிருந்தார். பழைய அரிசிச் சாக்கு பக்கத்தில் கிடந்தது. றஸாக் வழக்கம்போல வாசலைக் காவல் காத்தான்.

கைருன்னிஸா வந்தது பின்வாசலால். பெண்கள் எல்லாரும் அந்த வழியால்தான் வருவார்கள். வெளிநாட்டில் இருக்கிற புருசன்மாருக்குக் கடிதத்துக்குப் பதிலாகக் கதைத்துப் பதிந்து அனுப்புவதற்கென்று உள்ளறையில் ஒரு சின்னக் கசற் மெசின் இருந்தது. றாஹிலா மைக்கைக் கையில் கொடுத்துக் கதவைச் சாத்திவிடுவாள். கதைத்து முடிந்த கசற்றை மக்கீன் வாங்கி, மிச்ச இடத்தில் தன் பாட்டைப் போட்டுக் கொடுப்பார். கைருன்னிஸாவின் புருசன் சீனிமுகம்மது குவைத்தில் கட்டட வேலை. அவன் அனுப்பிய பதில் கசற்றோடு அன்று அவள் வந்திருந்தாள், முகம் சிவந்துபோய்.

"றாஹிலா ராத்தா, இதக் கேளுங்க. எனக்கு வாற கோவத்துக்கு!"

றாஹிலா கசற்றைப் போட்டாள். சீனிமுகம்மதுவின் குரல் உரக்க வந்தது. முன்னறைக்கும் கேட்டது.

"…உன்ட கசற் கிடைச்ச. எல்லாரும் சுகமா இரிக்கிறது சந்தோசம். ஒரு விசயம் புள்ள. கடைசில ஒரு வலை இழுக்கிற பாட்டு வருது. ஒவ்வொரு கசற்றிலயும் பாதில நிக்கிது. ரூமுல நாங்க பத்துப் பேர், தினம் இதே சண்டை. வலையில மீன் பட்டிருக்கும் எண்டு நான் சொல்றன். மலையாளத்து ஆளொருத்தன் இரிக்கான், வலை கிழிஞ்சி போச்சு எண்டு சொல்றான். அந்தப் பாட்ட முழுசாக் கேட்டு வாங்கி அனுப்பு. இடம் காணாட்டி உன்ட கதை குறைஞ்சாலும் பரவாயில்ல…"

"என்ட கதை குறைஞ்சாலும் பரவாயில்லையாம்!" என்றாள் கைருன்னிஸா. "பத்து மாசம் நான் இஞ்ச தனிய இரிக்கன், அவருக்கு மீன் பட்டிச்சா எண்டு தெரியணுமாம்!"

மக்கீன் கையில் துணியோடு நடுக் கதவில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் றஸாக்கும் வந்துவிட்டான்.

"காக்கா, அந்தப் பாட்டு முழுசா இரிக்கா உங்கக்கிட்ட?" என்று கேட்டாள் கைருன்னிஸா.

"இரிக்கி" என்றார் மக்கீன்.

றஸாக் விடவில்லை. "இது கணக்கில்ல மச்சான். பேர் சொல்லிக் கேக்கணும் எண்டுதானே கதை. அவ பேர் சொல்லல்லியே."

கைருன்னிஸா அவனைத் திரும்பிப் பார்த்தாள். "எந்தப் பேரச் சொல்ற? எங்கட வீட்டுப் பாட்டுக் கசற் அட்டையளப் பாருங்க. எல்லாப் பாட்டுக்கும் பேர் எழுதியிரிக்கி, அதுக்கு மட்டும் எழுதல்ல. காக்கா எழுதாத பேர நான் எங்க போய்த் தேடுற? எங்கட பகுதிப் பொண்டுகளுக்குள்ள அதுக்குக் கடைசிப் பாட்டு எண்டுதான் பேர். எல்லாரும் கேக்கிறதுதானே, ஏன் அது அரைவாசில நிக்கிது எண்டு. ராத்தாக்கிட்ட எத்தனை தரம் கேட்டிரிப்பம்!"

மக்கீன் மெல்ல றாஹிலாவைப் பார்த்தார். "உங்கக்கிட்டக் கேட்டவங்களா?"

றாஹிலா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். "கேட்டாங்கதான். குறை சொல்றாங்க எண்டு நினைச்சன். உங்களுக்கிட்டச் சொன்னா மனசு நோகும் எண்டு மறைச்சிப்போட்டன்."

"நாலு வருசமாவா?"

"ஓம். சோத்த வைச்சிட்டு எழும்பிடுவீங்க எண்டு பயம்."

முதலில் சிரித்தது றஸாக்தான். "யா அல்லாஹ்! நான் மூணு கிழமையா முன்வாசல்ல காவல் இருந்தன். இவங்க எல்லாம் பின்வாசல்ல நிண்டிரிக்காங்க."

மக்கீன் திரும்பிப் போய்த் "கரைவலை"யை உறையிலிருந்து எடுத்தார். ஊசியை வைத்தார். கைருன்னிஸாவும் றாஹிலாவும் நடுக் கதவோடு நின்றார்கள், றஸாக் கதிரையை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டான்.

அலை வந்து வந்து போனது. இழுவை தொடங்கியது. மூன்றாவது நிமிடம், வழக்கமாகப் பாட்டு அறுகிற இடம் வந்ததும் கைருன்னிஸா தன்னையறியாமல் மூச்சைப் பிடித்தாள். பாட்டு அறுபடவில்லை, அதைத் தாண்டிப் போனது. வயலின் சேர்ந்தது. குரல்கள் இரண்டு இரண்டாகக் கூடின. கயிறு கிட்ட வருகிறது, வலையின் மடி தெரிகிறது, ஓடி வாருங்கள் என்று தம்பையா கூப்பிடுகிறார். எல்லாக் குரலும் ஒன்றாக எழும்பி வலை கரைக்கு வந்து விழுகிறது. பிறகு ஒரு சின்ன மௌனம். அந்த மௌனத்துக்குள் தம்பையா சிரித்துக்கொண்டு சொல்கிறார்: ஒரு கடகப் பெட்டி நெத்தலிப் பொடிமீன். அதையே பங்கு போடுகிறார்கள். இழுத்தவனுக்கு ஒரு பங்கு, பார்த்தவனுக்கு ஒரு பங்கு, காகத்துக்கும் ஒரு பங்கு. பாட்டு முடிந்தது.

"நெத்தலியா?" என்றான் றஸாக். "இவ்வளவு இழுத்து நெத்தலியா!" சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்தான். "மச்சான், எனக்கும் ஒரு கசற் அடிச்சுத் தாங்க. தம்மாமில எங்கட ரூமுலயும் ஆளுகள் இரிக்கி."

"எங்கட அவருக்கு நெத்தலி எண்டு கதைச்சு அனுப்பட்டா காக்கா?" என்று கேட்டாள் கைருன்னிஸா.

"வேணாம். அவரே கேக்கட்டும். நீங்க உங்கட கதையக் கதைங்க, ஒரு நிமிசமும் குறைக்காதீங்க. இது வேற கசற்றில தாறன், ஆறு பாட்டும் முழுசா."

அட்டையை எடுத்து மேசையில் வைத்து மக்கீன் பேனாவைத் திறந்தார். அரபு மதுரசாவில் பழகிய நிதானத்தோடு எழுதினார்: கரைவலை. பாடியவர் தம்பையா. கைருன்னிஸா எட்டிப் பார்த்து, "எந்த ஊர் ஆள்?" என்றாள்.

"வினாயகபுரம்."

"இஞ்ச, திருக்கோவிலுக்கு அங்காலயா? நான் இந்தியா எண்டெல்லோ நினைச்சன்!"

அதையும் அட்டையில் எழுதினார், வினாயகபுரம் என்று.

மறுநாள் லுஹருக்குப் பிறகு ஓடாவி வந்தான். றஸாக் அவனைக் கிழக்குச் சுவருக்குக் கூட்டிப் போய், படக் கசற்றுக்கு அங்கே ராக்கை அடிக்கச் சொன்னான், வெயிலுக்கு ஒரு திரையும் போடச் சொன்னான். ஓடாவி சுத்தியலால் அடிக்க அடிக்க இசைத்தட்டில் ஊசி துள்ளியது. மீராசாஹிபுவின் பைத்தை மூன்று தரம் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. வேறு நாளென்றால் மக்கீன் எரிந்து விழுந்திருப்பார். அன்று ஊசியைத் தூக்கி வைத்துவிட்டு, பின்வாசலால் பெண்கள் கொண்டுவந்து குவித்திருந்த பழைய கசற்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அட்டையில் கடைசி வரிக்குக் கீழே விட்டுப்போன பாட்டின் பெயரை எழுதிக்கொண்டிருந்தார்.