அரிசிச் சாக்கில் ஒரு பேய்

பத்து வயதில் நான் ஒரு முடிவெடுத்தேன்: இந்த வருட ஹாலோவீன் பேய் விருந்து எங்கள் வீட்டில்தான். ஜேர்மனியின் டோர்ட்மண்டில் என் வகுப்புப் பிள்ளைகள் வீடுகளிலெல்லாம் நான் கேக் சாப்பிட்டாயிற்று. எங்கள் வீட்டுப் படியை ஒருத்தியும் மிதித்ததில்லை. மூன்று பேரைக் கூப்பிட்டுவிட்டுத்தான் அம்மாவிடமே சொன்னேன்.

"கடையில விக்கிற பிளாஸ்டிக் குப்பை ஒண்டும் இஞ்ச வரக் கூடாது," என்றார் அம்மா.

சரி, வராது. நூறு வருடத்துக்கு முந்திய ஹாலோவீன் அலங்காரங்களை நூலகப் புத்தகமொன்றில் பார்த்திருந்தேன். எல்லாம் கடதாசியும் துணியும். உதவிக்கு மாமா கிடைத்தார். அம்மாவின் தம்பி, எங்களோடு இருந்தவர். வேலையால் வந்து சாப்பிட்ட கையோடு கத்தரிக்கோலை எடுத்துவிடுவார். கறுப்புக் கடதாசியில் பூனையும் ஆந்தையும் வெட்டினார். பழசுபோலத் தெரிய வேண்டுமே என்று வெள்ளைக் கடதாசிகளைத் தேயிலைச் சாயத்தில் தோய்த்துக் குளியலறைக் கொடியில் காயப் போட்டோம். நல்ல தேயிலை நாசமாகிறது என்று அம்மா ஒரு கிழமை முழுக்கப் புறுபுறுத்தார்.

பேய் மட்டும் என் இரகசியம். தமிழ்க் கடை அரிசிச் சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டினேன். ஹாலோவீன் அன்று பின்னேரம் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கதவுக்கு உள்ளே நின்றேன். கதைத்தால் மாமா குரலில் பிடித்துவிடுவார். அதனால் அவர் உள்ளே வந்ததும் வாயே திறக்காமல் மெல்லத் தலையாட்டினேன்.

மாமாவின் கையிலிருந்த பை விழுந்தது. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு சுவரோடு நின்றார். நான் சாக்கைக் கழற்றிவிட்டு வயிறு நோகச் சிரித்தேன். அவர் கையை இறக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அம்மா ஓடி வந்து சாக்கைப் பறித்தார்.

"இது வேண்டாம். கொண்டுபோய் எறி."

"விடுங்கோ அக்கா," என்றார் மாமா. "பிள்ளை கஷ்டப்பட்டுச் செய்தது."

எறிய நானும் விடவில்லை. இலங்கையில் சண்டைக் காலத்தில் இராணுவம் ஊரைச் சுற்றிவளைத்து, எல்லோரையும் கையைத் தூக்கி நிற்க வைத்துவிட்டு, சாக்கால் முகம் மூடிய ஆள்காட்டி ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்துமாம். அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ அவர் வீடு திரும்பமாட்டார். மாமாவுக்குப் பக்கத்தில் நின்ற சிநேகிதனைப் பார்த்து அப்படியொரு சாக்கு ஆடியிருக்கிறது. இதையெல்லாம் அம்மா எனக்குச் சொன்னபோது எனக்கு இருபது வயது. இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் என் பேய் வெற்றி என்பதுதான். தோழிகள் மூவரும் வந்தார்கள். சாக்கைப் போட்டுக்கொண்டு, "மாமா, அப்ப செய்த மாதிரி ஒருக்கால் செய்து காட்டுங்கோ," என்றேன்.

மாமா அம்மாவின் பக்கம் பார்க்காமல் எழுந்து வந்தார். நான் தலையாட்டினேன். அவர் கைகளைத் தூக்கினார். நாங்கள் நாலு பேரும் கைதட்டினோம்.