மூணோட எந்திரிக்கக் கூடாது

தட்டில் தோசை ஆறிக்கொண்டிருக்கிறது. தனப்பிரியாவின் கண்ணோ இடது கையிலிருக்கும் போனில். திரையின் குறுக்கே ஒரு கோடு ஓடுகிறது. அதைக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "அசையுதான்னு நீங்களே பாருங்கண்ணா" என்று என்னிடம் நீட்டுகிறாள். எங்கே அசைய! செத்த பாம்பாகக் கிடக்கிறது.

கொண்டப்பநாயக்கன்பட்டியில் இவர்கள் வீட்டு மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். காலைப் பலகாரம் கீழேதான். அப்பா சின்னண்ணன், போர் போடும் ரிக் வண்டிக்கு மெக்கானிக். அம்மா சௌந்திரம். மகள் ஆராய்ச்சி மாணவி. பாக்டீரியாவுக்குள் மரபணுக்களைக் கோத்து வைத்து, அது தானாக மின்னி, அணைந்து, மறுபடி மின்ன வேண்டும் என்று ஐந்து வருஷமாகப் பாடுபடுகிறாள். அந்த மினுக்கல்தான் போனில் கோடாக வரும்; மின்னி அணைந்தால் கோடு அலையாக ஏறி இறங்கும். எதற்கம்மா என்றால், "அதுக்குள்ள ஒரு கடிகாரம் ஓடோணுங்கண்ணா" என்பாள். எனக்குத் தலை சுற்றும். கண்ணாடிக் குழாயை ஆய்வகப் பெட்டியில் வைக்குமுன், "சாமி, மானத்த வாங்கிராத" என்று கும்பிடு வேறு போடுவாளாம்.

மூன்று மரபணு வட்டமாக நிற்குமாம். ஒவ்வொன்றும் தனக்கு அடுத்ததை அடக்குமாம். "எல்லாரும் அடக்கினால் ஆட்டம் எப்படி வரும்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"எங்கூட்டயே பாருங்கண்ணா. அப்பா அம்மாவ அடக்குவாரு, அம்மா என்னய அடக்கும், நான் அப்பாவ அடக்குவேன். நான் சத்தம் போட்டா அப்பா கம்முனு ஆயிருவாரு. ஒடனே அம்மாவுக்கு வாய் வந்துரும். அம்மா பேசுனா நான் அடங்கிருவேன். மறுக்கா அப்பா ஆரம்பிப்பாரு. நிக்கவே நிக்காது."

"சரி, நாலு பேர் என்றால்?"

"பொங்கலுக்கு அண்ணி வந்தாங்கல்ல? அண்ணன் வாயே தொறக்காது, கணக்குல இல்ல. அம்மா அண்ணிய அடக்குச்சு, அண்ணி என்னய அடக்குனாங்க. அவங்க கெளம்புற வரைக்கும் அப்பாவும் அண்ணியும் மட்டுந்தான் பேசுனாங்க. நானும் அம்மாவும் ஊமை. அப்படியே நின்னுபோச்சு."

இவ்வளவு தெரிந்த பெண், தன் வட்டத்தில் நாலு மரபணுவை வைத்திருக்கிறாள்! மூன்று வைத்தபோது அலை வந்தது, ஆனால் தாறுமாறாக. நிதானப்படுத்த ஐந்து வைத்திருக்கலாம், ஒற்றைப்படை என்றால்தானே நிற்காமல் ஓடும். அந்தச் சுமையைப் பாக்டீரியா தாங்காது என்று பயம். அதனால் நாலு. "நாலாவது சும்மா வீக்கான பீஸுதான், ஒண்ணும் பண்ணாதுன்னு நெனச்சேன். புத்திக்குத் தெரியுதுங்கண்ணா. மறுக்கா மூணுன்னா கை வரமாட்டேங்குது. அம்மா எதையும் மூணா குடுத்ததே இல்ல."

இந்த மாதக் கடைசிக்குள் ஒழுங்கான அலை வராவிட்டால் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். தனித்தனியே பார்த்தால் நாலும் நன்றாகத்தான் வேலை செய்கின்றன. "பழைய மூணுக்கே போறதா, அஞ்சு வெக்கிறதா, ஒண்ணும் புரியலைங்கண்ணா" என்கிறாள். எனக்கும் ஒரு மண்ணும் புரியவில்லை.

"போன வெச்சுட்டுத் தின்னு சாமி" என்று சௌந்திரம் மூன்றாவது தோசையைப் போடுகிறார்.

"போதும்மா."

"மூணோட எந்திரிக்கக் கூடாது" என்று நாலாவதிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து, வழக்கம்போல் தட்டோரம் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போகிறார்.

தனப்பிரியா அந்தத் துண்டையே பார்க்கிறாள். போனைக் கவிழ்த்து வைக்கிறாள். அடுப்படிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, துண்டை எடுத்து என் தட்டில் போடுகிறாள். பிறகு மூன்றாவது தோசையைப் பிய்க்கிறாள்.