ஒன்றரை சென்டிமீட்டர்

அம்மா போனை ரவிக்கைக்குள்தான் வைப்பாள். திருவொற்றியூர் சந்தையில் மீன் விற்கிறவளுக்கு வேறு இடம் கிடையாது. கை ஈரம், மடி ஈரம், கூடை ஈரம்.

புது போன் வாங்கிய அன்று பெட்டிக்குள் மடித்திருந்த தாளைப் படித்தேன். எங்கள் வீட்டில் அதைப் படிக்கக்கூடியவள் நான் ஒருத்திதான். எறும்பு எழுத்தில் ஆங்கிலம். போனின் கதிர்வீச்சு அனுமதித்த அளவுக்குள் இருக்கிறதாம். ஆனால் உடம்பிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி வைத்துச் சோதித்த அளவாம் அது. நாமும் அப்படித் தள்ளியே வைத்துக்கொள்ள வேண்டுமாம்.

விரலைக் குறுக்கே வைத்துக் காட்டினேன். "இவ்ளோ தூரம்மா."

"அப்போ ரவிக்கைய பெருசா தைக்கணும்டி" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாளை எடுத்துக்கொண்டு போன் கடைக்குப் போனேன். அம்மாவும் வந்தாள்.

கடைக்காரர் தாளைத் தொடக்கூட இல்லை. "இன்னாமா, படிச்ச பொண்ணுன்னா பெட்டில கீற பேப்பரெல்லாம் படிப்பியா? இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல."

"யாரும் படிக்கக்கூடாதுன்னுதானே இப்படிப் போட்டிருக்காங்க?"

"லிமிட்டுக்குள்ள கீதுன்னு போட்டுகீதுல்ல?"

அம்மா குறுக்கே வந்தாள். "நைனா, அத்த யாரு ரவிக்கைல வெச்சுப் பாத்தாங்க?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் நக்கலுக்குக் கேட்கவில்லை. பதில் வரும் என்று நின்றாள். அவர் அடுத்த ஆளுக்குக் கவர் காட்டப் போய்விட்டார்.

அந்தக் கதிர் கேடு செய்யுமா என்று எனக்குத் தெரியாது. என் கோபம் வேறு. அளந்தவர்கள் யாரோ ஒருவரின் உடம்பை மனதில் வைத்துத்தானே அளந்திருப்பார்கள். அவருக்கு மேசை இருக்கும், கைப்பை இருக்கும், காய்ந்த கை இருக்கும். அது என் அம்மா இல்லை.

மறுநாள் அம்மா போனைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, கடைக் குடையின் கம்பியில் தொங்கவிட்டாள்.

"இன்னாக்கா, போனும் விக்கிறியா? கிலோ எவ்ளோ?" என்றார் ஐஸ் இறக்க வந்தவர்.

"எம்பொண்ணு படிச்சு சொல்லிகீது. உனுக்கு இன்னா தெரியும், போ."

மூன்று நாள்தான். சந்தை இரைச்சலில் மணி கேட்கவில்லை. போனில் மீன் சொல்லிவைக்கும் வீடுகள் வேறு கடைக்குப் போய்விட்டன. நாலாம் நாள் போன் ரவிக்கைக்கே திரும்பியது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அம்மாதான் சமாதானம் சொன்னாள்: "நடுவுல கர்ச்சீப்ப நாலா மடிச்சு வெச்சிகீறேன்டி."

அன்று அந்தக் கர்ச்சீப்பை எடுத்து ஸ்கேல் வைத்து அளந்தேன். அரை சென்டிமீட்டர்கூட இல்லை.

போன் கம்பெனிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதல் வரியாக அம்மா போன் கடைக்காரரிடம் கேட்ட கேள்வியைத்தான் போட்டேன்.