முழுப் பிழையும் பைலட்டில

"இதை விபத்தெண்டு சொல்லேலாது. பொடியனுக்கு ஓடத் தெரியேல்லை" என்றபடி நாகமுத்து விமானத்தின் மூக்கைக் கைக்குட்டையால் ஒருதரம் துடைத்துவிடுவார். பக்கத்தில் 'தொடாதீர்கள்' என்று பலகை இருக்கிறது. அது மற்றவர்களுக்கு.

ஜேர்மனியில், கொலோனுக்குப் பக்கத்துச் சிறு நகரமொன்றின் அருங்காட்சியகத்தில் அவர் காவலாளர். அவருடைய கண்காணிப்பில் நிற்பது இராணுவ விமானம். மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு தட்டுச் சிறகு. நூறு வருடங்களுக்கு முன் எல்லைக் காவலுக்குப் பறந்தபோது பனிப்புகாருக்குள் வழிதவறி, பீற்றூட் தோட்டமொன்றில் தலைகுத்தியது. விமானி காலை முறித்துக்கொண்டு பிழைத்தான். விளக்கப் பலகை பனிப்புகாரைச் சொல்லிவிட்டு, 'விழுந்த காரணம் தெரியவில்லை' என்று முடியும். அந்த ஒரு வரியோடு நாகமுத்துவுக்குத் தீராத பகை.

"அண்ணை, பனிப்புகார் எண்டு போட்டிருக்கே?" என்று கேட்டார், தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்த பிரபாலினி ரீச்சர்.

"புகார் எல்லாருக்கும்தானே ரீச்சர்! எல்லையைக் காக்கப் போனவருக்கு நிலம் எங்கை இருக்கெண்டு தெரியேல்லை. முழுப் பிழையும் பைலட்டில."

வாகனம் ஓடுகிற எவரையும் அவர் மன்னித்ததில்லை. பஸ்காரன் பிரேக் போட்டால் "உவனுக்கு ஆர் லைசென்ஸ் குடுத்தது?" என்பார். அவருடைய சொந்த லைசென்ஸ் முயற்சி எழுத்துப் பரீட்சையோடு நின்றுபோனது. வீட்டில் மனைவி கமலாம்பிகைதான் கார் ஓடுவார். பக்கத்து இருக்கையில் இருந்தபடி நாகமுத்து இல்லாத பிரேக்கை மிதிப்பார். அந்தக் காரில் இன்றுவரை ஒரு கீறல் விழவில்லை. புதுக்கார் வாங்கியபோது ஊன்ட்றொப் அம்மன் கோயிலில் பூசை செய்து, சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்ததுதான் அதற்குக் காரணம் என்பது அவருடைய முடிவு. கமலாம்பிகையின் கைக்கு அதில் பங்கில்லை.

போன வசந்தத்தில் விமானத்தைப் பக்கத்துப் புது மண்டபத்துக்கு உருட்டிப்போக ஏற்பாடாயிற்று. நாகமுத்துவின் வேலையோ வருடா வருடம் நீட்டிக்கப்படும் வேலை. "இது சேதமில்லாமல் அங்கே போய்ச் சேரட்டும், உங்கள் நிரந்தர ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கிறேன்" என்றார் பணிப்பாளர் ஃபிராவ் ஹோல்ட்காம்ப். அன்றிரவு நாகமுத்து யோசித்தார். விழுந்தெழும்பிய வாகனம்; கண்ணூறு கழிக்காமல் நகர்த்தலாமா?

வெள்ளைக் கையுறை போட்ட நிபுணர்கள் தள்ளத் தயாரானபோது, கயிற்றைச் சரிபார்க்கிறவர் போலக் குனிந்து, சில்லின் முன்னால் ஒரு தேசிக்காயை வைத்தார். எழுந்துபோய்க் கீழ்ச்சிறகின் இடதுமுனையைப் பிடித்துக்கொண்டார். விமானம் நகர்ந்தது. பழம் நசிந்தது, சில்லின் கீழிருந்து வழுக்கி, நேராக அவருடைய வலது சப்பாத்துக்குக் கீழே வந்து சேர்ந்தது. நாகமுத்து சறுக்கிக்கொண்டு கீழே போனார். கூடவே சிறகும் போய்க் கதவுநிலையில் இடித்தது. துணி கிழிந்தது, உள்ளே ஒரு மரச்சட்டம் முறிந்தது.

எழுந்தவர் அந்தப் பழத்தின் மேலேயே சப்பாத்தை ஊன்றிக்கொண்டார். உட்காரக் கதிரை கொண்டுவந்தார்கள், அசையவில்லை.

"என்ன நடந்தது?" என்றார் பணிப்பாளர்.

எல்லா விபத்துக்கும் ஆளைக் காட்டிய வாய் இந்தமுறை கதவைக் காட்டியது. "காற்று" என்றார். "கதவு திறந்திருந்தது. சிறகைத் தூக்கிவிட்டது."

நிபுணர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நூறு வயதுச் சிறகு இன்னும் காற்றைப் பிடிக்கிறதா! அவர்களுக்குச் சேதம் மறந்துபோயிற்று. சிறகின் வளைவைப் பற்றி மத்தியானம்வரை பேசினார்கள். விழும்போதும் சிறகைக் கைவிடாத ஊழியர் என்று நாகமுத்துவைப் பாராட்டினார் பணிப்பாளர். கையெழுத்தும் விழுந்தது.

வீட்டில் கமலாம்பிகைக்கு மூக்கு நல்ல கூர்மை. "இஞ்சேருங்கோ, சப்பாத்து ஏன் தேசிக்காய் மணக்குது?"

"பஸ்ஸுக்கை ஆரோ போட்டிருக்கினம்."

"பிரிட்ஜில இருந்த தேசிக்காயும் பஸ் ஏறித்தான் போனதோ?"

அவர் சட்டென்று பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தார். மறுநாளிலிருந்து காரில் அவருடைய கால் பிரேக்கைத் தேடுவதில்லை. கமலாம்பிகை சிவப்புக்கு நெருக்கமான ஒரு மஞ்சள் விளக்கைக் கடந்தபோதும் நாகமுத்து வாய் திறக்கவில்லை. கணவரின் உடம்புக்கு ஏதோ என்று பயந்து கமலாம்பிகை டொக்டரிடம் நேரம் எடுத்துவைத்திருக்கிறார்.

சென்ற வாரம் பிரபாலினி ரீச்சர் வேறொரு வகுப்போடு வந்தார். "அண்ணை, பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ. முழுப் பிழையும் பைலட்டிலதானே?"

நாகமுத்து இடதுசிறகின் புது ஒட்டைப் பார்த்தார். "அப்பிடி ஒரேயடியாச் சொல்லேலாது ரீச்சர். அவனும் பாவம். காத்தெண்டும் ஒண்டு இருக்கெல்லே? இஞ்சையும் அடிக்கிறதுதான்."

"இந்த ஹோலுக்குள்ளயோ?" என்றாள் முன்வரிசைச் சிறுமி ஒருத்தி. "ஜன்னலே இல்லையே, அங்கிள்!"

நாகமுத்து சுட்டுவிரலை நாக்கில் நனைத்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க விரலைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தார்.