பாதியில் நின்ற சாவுச் செய்தி

எங்கள் ஊரில் யார் செத்தாலும் தெருத்தெருவாகச் சொல்லிப் போவது அடெயில்டனின் கார்தான். கூரையில் நான்கு ஒலிபெருக்கி. அவன் ஓட்டுவான், பக்கத்தில் அமர்ந்து மைக்கில் வாசிப்பவள் மனைவி மார்லூசி. இளம்பிள்ளை வாதத்தில் அவளுக்கு இரண்டு கால்களும் அசைவற்றுப் போயிருந்தன; உணர்ச்சி மட்டும் உண்டு. காரில் ஏற்றுவதும் இறக்குவதும் அவன்தான்.

யோவான் திருவிழா விளம்பர வருமானத்தை நம்பி ராட்சத ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கிப் பூட்டினான். மெக்கானிக் வான்டிக் தலையில் அடித்துக்கொண்டார்.

"இந்த ஆல்டர்னேட்டர் கொடுக்கிறதே அறுபது ஆம்பியர். உன் பூதம் நூறு கேக்குது. ஒயரு வேற நூலாட்டம் இருக்கு. எரிஞ்சு போவடா!"

"விழா முடியட்டும்ணே, எல்லாத்தையும் மாத்திடறேன்."

"அதுவரைக்கும் சத்தத்தைக் கொறச்சு வை. ஃபியூஸ் போனா கண்டதைச் சுத்தாத."

ஃபியூஸ் மூன்று முறை போனது. நான்காம் முறை சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைப் பல மடிப்பாகச் சுற்றிச் செருகினான். எங்கள் ஊரில் எல்லோரும் செய்கிற வேலைதான். எல்லோரும் செய்தால் நெருப்பு சுடாதா?

திருவிழா நாள் காலையில் ரொட்டிக்கடைக் கிழவர் ஓதிலோன் இறந்துபோனார். இருவரும் செய்தி சொல்லக் கிளம்பினார்கள். விழாவுக்காக முந்தின இரவு வாசல்தோறும் கொளுத்திய நெருப்பு இன்னும் புகைந்துகொண்டிருந்தது. மார்லூசி வாய் திறக்கும்போதெல்லாம் காரின் டாஷ்போர்டு விளக்கு மங்கியது.

"என்னமோ கருகுதுய்யா."

"எல்லா வாசல்லயும்தான் புகையுது. நீ படி."

பொய். அது ரப்பர் கருகும் நாற்றம் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் எப்படி நிறுத்துவான்? சாவுச் செய்தி எந்த வாசலில் பாதியில் நிற்கிறதோ, அடுத்த சாவு அந்த வீட்டில்தான் என்பது ஊர் நம்பிக்கை. வாசல்தோறும் ஜனங்கள் சிலுவை போட்டு நின்றார்கள். வீடுகள் முடிந்து பந்து மைதானம் வர இன்னும் ஆறு வாசல். ஐந்து. நான்கு.

"ஐயோ, கால் சுடுது! தூக்குய்யா!"

ஒயர் அவள் காலடிப் பாய்க்குக் கீழேதான் ஓடியது. பிரேக்கை மிதித்தான். அவளை வாரி எடுத்துத் தெருவோரத் திண்டில் உட்கார வைத்துவிட்டு, ஓடிப்போய் பேட்டரி முனையைப் பிடுங்கி எறிந்தான். பாயில் தீ எழும்பி, புகைந்து, அடங்கியது.

எதிரே வாசலில் நிறைமாதக் கர்ப்பிணி எதிவானியா. வயிற்றை இரு கையாலும் மூடிக்கொண்டு அலறினாள்.

"எங்க வாசல்லயா நிறுத்துவீங்க? பாவிங்களா!"

மார்லூசியின் உள்ளங்கால் கொப்புளித்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, மைக் இல்லாமல், தெருவே கேட்கும் குரலில் விட்ட இடத்திலிருந்து சொன்னாள்.

"...அடக்கம் இன்னிக்கு சாயங்காலம் நாலு மணிக்கு. எல்லாரும் வந்து வழியனுப்பி வைங்க. செய்தி முடிஞ்சது."

எதிவானியாவைப் பார்த்து, "முடிச்சிட்டேம்மா. உனக்கு ஒண்ணும் வராது," என்றாள். அந்தப் பெண் சிலுவை போட்டுக்கொண்டு அழுதாள்.

பிறகுதான் மார்லூசி கணவன் பக்கம் திரும்பினாள்.

"உனக்குத் தெரியும். தெரிஞ்சுதானே படிக்கச் சொன்ன?"