ஒரு கிழவரும் ஒன்பது ஆடுகளும்

அறுபதுகளின் கடைசியில் நான் முதல் தடவை சட்டமன்றத்துக்குப் போனபோது அருப்புக்கோட்டையில் பாதிப் பேர் சிரித்தார்கள். வீட்டில் தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பத்துப் பெண், பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வந்தவள், இவளுக்குக் காடுகரையைப் பற்றி என்ன தெரியும் என்று. சிரிக்கட்டும், ஓட்டு எனக்குத்தானே விழுந்தது!

ஆனால் என் வாய் சும்மா இருக்காது. ஓட்டுக் கேட்கப் போன இடத்தில், நரிக்குடி ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்த ஒரு கிராமத்தில், "உங்க ஊருக்கு பஸ்ஸு வராம அடுத்த தடவை இந்தப் பக்கம் ஓட்டுக் கேட்டு வரமாட்டேன்" என்று சத்தியம் செய்துவிட்டேன். அங்கே பெண்பிள்ளைகளின் படிப்பு ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அந்தப் பொட்டக்காட்டு வழியில் நரிக்குடிக்கு நடந்து போய்ப் படிக்க எந்தத் தாய் அனுப்புவாள்?

மனு மேல் மனு கொடுத்தேன். கடைசியில் சட்டமன்றத்தில் கேள்வியாகவே எழுப்பினேன். ஆய்வு நடந்துவிட்டதாகவும், அந்த வழியில் பயணிகளே இல்லை என்றும் பதில் வந்தது. காலையிலிருந்து சாயங்காலம்வரை அதிகாரி புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தாராம். ரோட்டில் வந்தது ஒரு கிழவரும் ஒன்பது ஆடுகளும்தானாம். சபையே சிரித்தது. எனக்கு அவமானத்தில் முகம் எரிந்தது.

நேராக அந்த ஊருக்குப் போய்ச் சத்தம் போட்டேன். "அன்னிக்கு எங்கய்யா போனீங்க எல்லாரும்?"

கூலி வேலை பார்ப்பவர் ஒருவர் தலையைச் சொறிந்தார். "ஜீப்பு வந்துச்சுல்லம்மா. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிக்க வந்துட்டாகன்னு ஆம்பளைக பூராம் கருவேலங்காட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டோம். பொம்பளைக கதவச் சாத்திக்கிட்டாக."

"அந்தக் கிழவர் மட்டும் எப்படி வந்தாரு?"

"அவரப் பிடிச்சுட்டுப் போயி என்னம்மா செய்யப் போறாக?"

நாலு வார்த்தை நன்றாகக் கேட்டுவிட்டு வரலாம் என்று போனவள், சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன்.

அதிகாரியைத் தேடிப் போனேன். "இன்னொரு நாள் வாங்க. ஜீப்பை மட்டும் நரிக்குடியிலேயே விட்டுட்டு சைக்கிள்ல வாங்க" என்றேன். இந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்பதுபோலப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் அவரும் விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல மனிதர். சந்தை நாளாகப் பார்த்து சைக்கிளில் வந்து சேர்ந்தார். நானும் கூடவே உட்கார்ந்திருந்தேன். மிளகாய் மூட்டை, கோழிக்கூடை, இடுப்பில் பிள்ளை என்று விடிந்ததிலிருந்து ஜனம் வந்துகொண்டே இருந்தது. மத்தியானத்துக்குள் நோட்டை மூடிவிட்டார். "போதும்மா, எழுதி எழுதிக் கை வலிக்குது."

அடுத்த தேர்தலுக்குச் சில மாதங்கள் இருக்கும்போது பஸ் வந்தது. வாழைமரம் கட்டி, மாலை போட்டு, சூடம் காட்டினார்கள். நானும் பஸ்ஸிலேயே நரிக்குடிக்குப் போகலாம் என்று, வந்த காரை முன்னாலேயே அனுப்பிவிட்டேன். சுருக்கமாகத்தான் பேசினேன். அதற்குள் ஊரே ஏறிவிட்டது. ஆறாம் வகுப்பில் சேரப் போகிற நாலு பெண்பிள்ளைகள் தலை நிறையப் பூவோடு முன்சீட்டில் இருந்தார்கள்.

படியில் ஒரு காலை வைத்தேன். கண்டக்டர் வெளியூர்க்காரர். கையை நீட்டித் தடுத்தார். "எடமில்லம்மா, எறங்குங்க. அடுத்த நடைக்கு வாங்க."

"யோவ், அவுக எம்எல்ஏ அம்மாய்யா!" என்று உள்ளேயிருந்து பல குரல்கள். எழுந்து இடம் கொடுக்கவும் பார்த்தார்கள்.

"யாரும் எந்திரிக்காதீங்க. நீ ரைட்டு குடுப்பா" என்று இறங்கிக்கொண்டேன்.

இந்தக் கழுத்தில் எத்தனையோ மாலைகள் விழுந்திருக்கின்றன. ஆனால், இடமில்லை என்று என்னை இறக்கிவிட்ட அன்றைக்கு வந்த கர்வம் வேறு எதற்கும் வந்ததில்லை. பஸ் கிளப்பிய புழுதி முகமெல்லாம் அப்பிக்கொள்ள, உச்சிவெயிலில் நரிக்குடிவரை நடந்தே போனேன்.